சிவப்பைத் தேடும் கண்கள்: கருந்தோல் முதியவர்களின் படுக்கைப்புண் ஏன் தாமதமாகத் தெரிகிறது?

உங்கள் முன்கையின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திவிட்டு விரலை எடுத்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக உள்ளவருக்கு விரல் பட்ட இடம் ஒரு கணம் வெளுத்து, பிறகு இளஞ்சிவப்பு மெல்லத் திரும்பும். நம்மில் பலருக்கு அப்படி எதுவும் தெரியாது. உள்ளங்கையில் தெரியும், நகத்துக்கு அடியில் தெரியும். வெயில் பட்டுக் கறுத்த முன்கையில் தெரியாது. அங்கேயும் ரத்தம் விலகத்தான் செய்தது, திரும்பவும் வந்தது. இரண்டையும் மேலே இருக்கும் மெலனின் என்ற நிறமி மறைத்துவிட்டது.

படுக்கைப்புண்ணின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க மருத்துவமனை வார்டுகளில் செய்வதும் இதே விரல் சோதனைதான். நாள்கணக்கில் படுத்திருக்கும் முதியவரைப் புரட்டி, முதுகெலும்பு முடியும் இடத்திலோ குதிகாலிலோ சிவந்த திட்டு இருக்கிறதா என்று செவிலியர் பார்க்கிறார். இருந்தால் அழுத்திப் பார்க்கிறார். வெளுத்துத் திரும்பினால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு மாறாமல் நின்றால் அடியில் சேதம் தொடங்கிவிட்டது. அதற்குப் பெயர் முதல் நிலை. 1989இல் அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு புண்ணை நான்கு நிலைகளாக வகுத்தபோது முதல் நிலைக்குக் கொடுத்த இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவுதான்: தோல் கிழியவில்லை, ஆனால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. எழுதியவர்களின் மனக்கண்ணில் எந்த நிறத் தோல் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் படுக்கும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, தெற்காசிய முதியவர்களுக்குப் புண் வரும் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது என்ற பேச்சு கடந்த முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. அது பெரும்பாலும் மதிப்பெண் அட்டவணைகளைச் சுற்றியே போனது: எந்த அட்டவணையைப் பயன்படுத்துவது, எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபத்து என்று. அட்டவணையின் மீது மட்டும் பழியைப் போடுவது பாதித் தவறு என்பது என் கருத்து. எண்கள் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கின்றன. அந்த எண் சரியா தவறா என்று சொல்ல வேண்டிய கண்ணில்தான் பெரிய பழுது இருக்கிறது.

புண் உருவாகும் விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். இடுப்பின் பின்புறம், குதிகால், தொடையின் மேல்முனை, பின்மண்டை என எலும்பு துருத்தும் இடங்களில் உடல் எடை சின்னஞ்சிறு பரப்பில் இறங்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்க, ஆக்சிஜன் கிடைக்காத திசு பட்டினி கிடக்கிறது. தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்திய நோயாளி மெல்லச் சரியும்போது வேறொன்று நடக்கிறது: தோல் விரிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழே நகர்கிறது. நடுவில் மாட்டிய சதை இழுபட்டு, குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன. வியர்வையும் சிறுநீரும் தோலை ஊறவைத்து நைந்துபோகச் செய்கின்றன. பல நேரங்களில் சேதம் எலும்பை ஒட்டிய தசையில் தொடங்கி மேல்நோக்கி வருகிறது. மேலே ஒரு ரூபாய் அளவுக்குத் திட்டு தெரியும்போது அடியில் அதைவிட அகலமாகச் சதை செத்திருக்கலாம்.

முதல் நிலையிலேயே பார்த்து, அந்தப் பக்கம் எடை விழாமல் திருப்பிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றாம் நிலையில் கொழுப்பு வரை குழி விழுகிறது. நான்காம் நிலையில் தசையும் எலும்பும் வெளியே தெரிகின்றன. எண்பது வயதுக்காரருக்கு அது மாதக்கணக்கில் ஆறாது. அதில் புகும் கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே உலை. ஆகவே முதல் நிலை என்பது நோயைவிட அதிகமாக ஓர் எச்சரிக்கை மணி.

அந்த மணி கருந்தோலில் ஒலிப்பதில்லை. அமெரிக்க ஆய்வுகளில் நெடுநாளாகவே ஒரு விநோதம் தென்படுகிறது: கறுப்பினத்தவரிடம் முதல் நிலைப் புண்கள் குறைவாகவும் ஆழமான புண்கள் அதிகமாகவும் பதிவாகின்றன. ஆழத்தில் தொடங்கும் சில புண்கள் முதல் படியைத் தாண்டிவிடலாம், ஆனால் இத்தனை பேர் அப்படித் தாவியிருப்பார்கள் என்று நம்ப முடியாது. முதல் படியில் பலர் நின்றபோது யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் நீஷா ஊசகீர் குனோவா என்ற செவிலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2018இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்: கருந்தோல் உள்ளவர்களுக்கு உயர்நிலைப் புண்கள் வரும் வாய்ப்பு அதிகம்.

இனி அட்டவணைகளுக்கு வருவோம். 1962இல் பிரிட்டனில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்விலிருந்து ஐந்தே வரிகளில் ஓர் அட்டவணை பிறந்தது. 1985இல் ஜூடி வாட்டர்லோ, அதே நாட்டில், இன்னும் நீளமான ஒன்றைக் கொடுத்தார். அமெரிக்காவில் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987இல் வெளியிட்ட பிரேடன் அட்டவணைதான் இன்று உலகில் அதிகம் புழங்குவது. வலியையும் அழுத்தத்தையும் உணரும் திறன், தோலில் ஈரம், எழுந்து நடமாட்டம், படுக்கையில் தானாகப் புரளும் திறன், உணவு, உராய்வும் இழுபடுதலும் என ஆறு தலைப்புகள். மொத்தம் 6 முதல் 23 வரை. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும்.

இதில் ஒரு விஷயம் பலரின் கவனத்துக்கு வருவதில்லை. பிரேடன் அட்டவணையில் தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோயாளி புரள்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேட்கும் அட்டவணைக்குத் தோல் கறுப்பானால் என்ன, வெளுப்பானால் என்ன? வாட்டர்லோ கதை வேறு. அதில் தோலின் தன்மைக்கென்று ஒரு கட்டம் உண்டு. காகிதம்போல மெலிந்தது, வறண்டது, வீங்கியது என்று போய், நிறம் மாறி முதல் நிலையில் இருந்தால் 2 மதிப்பெண் என்கிறது. வாட்டர்லோவில் மதிப்பெண் கூடினால்தான் ஆபத்து. 10இல் ஆபத்து, 15இல் அதிக ஆபத்து, 20இல் மிக அதிகம். ஆக, அதே சேதம் வெள்ளைத் தோலில் 2 மதிப்பெண் பெற்றுத்தர, கருந்தோலில் கண்ணுக்குத் தப்பி, 13இல் நிற்பவர் 15க்குப் போகாமலே இருந்துவிடுகிறார். நல்ல காற்று மெத்தை யாருக்கு என்று அந்த எல்லைக்கோட்டை வைத்துத் தீர்மானிக்கும் வார்டில் இந்த இரண்டு மதிப்பெண் சின்ன விஷயம் அல்ல.

பிரேடன் அட்டவணையை யார்மீது சோதித்தார்கள் என்ற கேள்வி 1990களில் எழுந்தது. தொடக்கத்தில் 16 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து என்று வைத்திருந்தார்கள். கோர்ட்னி லைடர் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1998, 1999 ஆண்டுகளில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க முதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் சரிபார்த்தார்கள். சிறிய ஆய்வுகள்தாம். ஆனாலும் 16 என்ற கோடு இவர்களில் பலரைத் தவறவிடுகிறது, 18 என்று உயர்த்தினால் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்தது. பாடப்புத்தகங்களில் 'முதியவர்களுக்கும் கருந்தோல் உள்ளவர்களுக்கும் 18' என்று தனிக் குறிப்பு ஏறியது. பிறகு 2002இல் பெர்க்ஸ்ட்ராமும் பிரேடனும் கறுப்பின, வெள்ளையின நோயாளிகளை ஒப்பிட்டு, 18 இரு தரப்புக்கும் பொருந்துகிறது என்று எழுதினார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் எல்லோருக்கும் அதே 18தான். தனி எல்லை போய்ப் பொது எல்லை வந்துவிட்டது. சிக்கல் முடிந்தது என்றுதான் தோன்றும்.

முடியவில்லை. ஓர் அட்டவணை சரியாகக் கணிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்? நோயாளிக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, அடுத்த சில வாரங்கள் தோலைப் பார்த்துவருவார்கள். புண் வந்தால் கணிப்பு பலித்தது, வராவிட்டால் பலிக்கவில்லை. பார்ப்பது யார்? சிவப்பைத் தேடப் பழகிய அதே கண்கள். இத்தகைய ஆய்வுகளில் அகப்படும் புண்களில் பெரும்பகுதி முதலிரண்டு நிலைகளைச் சேர்ந்தவை. கருந்தோலில் முதல் நிலையைக் கண் தவறவிட்டால், புண் வந்தவர் புண் வராதவர் பட்டியலில் சேர்கிறார். 'இவருக்கு ஆபத்து' என்று சரியாகச் சொன்ன அட்டவணை பொய்யானதாகிவிடுகிறது. பெர்க்ஸ்ட்ராம், பிரேடன் தரவில் கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிடக் குறைவாகவே புண் பதிவாகியிருந்தது. அவர்கள் தோல் உண்மையிலேயே தாக்குப்பிடித்ததா, சேதம் கண்ணில் படவில்லையா? அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. தராசைச் சரிபார்க்க எடுத்த எடைக்கல்லே தேய்ந்திருந்தால் தராசைக் குறை சொல்லி என்ன பயன்?

தோல் கிழிந்தபின் வரும் நிலைகளை மட்டும் எண்ணினால் படம் தலைகீழாகிறது. 2011இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று அமெரிக்காவின் 12,000க்கும் மேற்பட்ட முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தது. அதிக ஆபத்தில் இருந்தவர்களிடையே இரண்டாம் நிலை முதல் நான்காம் நிலை வரையான புண்கள் 2003இல் கறுப்பினத்தவரில் 16.8 சதவீதம், வெள்ளையரில் 11.4 சதவீதம். 2008இல் இரண்டும் குறைந்து 14.6, 9.6 ஆயின. இடைவெளி மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது.

அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. கறுப்பினத்தவர் அதிகமாக, அதாவது 35 சதவீதமோ அதற்கு மேலோ வசித்த இல்லங்களில் எல்லோருக்குமே புண் அதிகம். அங்கே தங்கியிருந்த வெள்ளையருக்கும்தான். தோலின் நிறம் மட்டுமே காரணம் என்றால் அந்த வெள்ளையர்களுக்கு ஏன் வந்தது? புண் வராமல் தடுப்பது கை வேலை. இரண்டு பேர் பிடித்து, இரவிலும் நேரம் தவறாமல் ஒருவரைத் திருப்பிப் போட வேண்டும். நனைந்த விரிப்பை உடனே மாற்ற வேண்டும். பொறுமையாக உட்கார்ந்து ஊட்ட வேண்டும். ஆள் குறைந்த, பணம் குறைந்த இல்லத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். எந்த இல்லத்தில் இடம் கிடைக்கிறது என்பதைக் குடும்பத்தின் வருமானமும் அது வாழும் பகுதியும் முடிவு செய்கின்றன. இந்த வரி எந்த ஆபத்து அட்டவணையிலும் இல்லை.

ஆகவே அட்டவணையில் 'இனம்' என்று ஒரு கட்டம் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒரு பெருக்கல் எண்ணை வைத்திருந்து, பலருடைய நோய் தாமதமாகத் தெரியக் காரணமாகி, கடைசியில் 2021இல் அமெரிக்க நிபுணர் குழு அதை எடுத்துவிடப் பரிந்துரைத்த கதை நினைவிருக்கட்டும். இனம் என்பது தோல் நிறத்துக்குக்கூட நல்ல அடையாளம் அல்ல. 'லத்தீன் அமெரிக்கர்' என்ற ஒரே சொல்லுக்குள் வெண்மை முதல் கருமை வரை எல்லாம் அடங்கும். ஒரே தமிழ்க் குடும்பத்தில் அண்ணன் மாநிறமாகவும் தம்பி கரிய நிறமாகவும் இருப்பதைப் பார்க்காதவர் யார்? (மணமகள் தேவை விளம்பரங்களில் புதுநிறம், மாநிறம் என்று நாம் காட்டும் நுணுக்கத்தில் பாதியை மருத்துவக் குறிப்பேடுகள் காட்டியிருந்தால் பல குதிகால்கள் தப்பியிருக்கும்.)

தோல் நிறத்தை அளக்க மருத்துவம் நெடுங்காலம் நம்பிய ஃபிட்ஸ்பேட்ரிக் வகைப்பாடு 1975இல் வேறொரு வேலைக்காகப் பிறந்தது. ஒளி சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்க, வெயிலில் யார் தோல் சிவக்கும், யார் தோல் கறுக்கும் என்று கேட்டது அது. முதலில் அதில் வெள்ளைத் தோலுக்கான வகைகள் மட்டுமே இருந்தன. பழுப்புக்கும் கறுப்புக்கும் பின்னால்தான் இடம் கிடைத்தது. ஹார்வர்டின் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கி 2022இல் கூகிள் வெளியிட்ட பத்து நிறப் பட்டியல் இதைவிட மேல். எந்தப் பட்டியலானாலும் பயன் ஒன்றுதான்: நோயாளி வந்து சேர்ந்த அன்றே, அழுத்தம் படாத ஓரிடத்தில், உதாரணமாக மேற்கையின் உட்புறத்தில், அவருடைய இயல்பான நிறம் என்ன என்று எழுதிவைப்பது. நாளைக்கு இடுப்பில் தெரியும் கருமை புதியதா பழையதா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

பிரேடன் அட்டவணையில் நிறம் இல்லை என்றேன். ஆனால் பண்பாடு இருக்கிறது. அதை யாரும் அங்கே தேடுவதில்லை. லண்டனின் ஹாரோ பகுதியில் வாழும் 82 வயது ஈழத் தமிழ் அம்மம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. உணர்வுத் திறனுக்கு மதிப்பெண் போட வரும் செவிலியரின் கையில் உள்ள தாள், நோயாளி 'வாய்மொழிக் கட்டளைக்கு இணங்குகிறாரா', 'வலியைச் சொல்ல முடிகிறதா' என்று கேட்கிறது. செவிலியர் ஆங்கிலத்தில் கேட்கிறார், அம்மம்மா சிரித்துத் தலையாட்டுகிறார். நன்றாக இருக்கிறார் என்று 4 போடுவதா? பதில் வரவில்லை என்று 2 போடுவதா? நரம்புக்கும் மூளைக்குமான கேள்வி மொழிக்கான கேள்வியாகிவிட்டது. பல ஆண்டுகளாக நீரிழிவு இருந்து அவருடைய குதிகால் மரத்துப்போயிருக்கலாம் என்பதே இங்கே தெரிய வேண்டிய செய்தி. தெற்காசியர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தச் செய்தி இந்தக் கட்டத்துக்குள் வந்து சேர்வதில்லை.

மாலையில் பதினான்கு வயதுப் பேத்தி வருகிறாள். அவளை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். பேத்தியிடம் போய்த் தன் பின்புறம் காந்துகிறது என்று எந்த அம்மம்மா சொல்வார்? 'ஒன்றுமில்லை, பரவாயில்லை' என்பார். நம் மொழியில் வலிக்கு எத்தனை சொற்கள்: நோகிறது, கடுக்கிறது, உளைகிறது, காந்துகிறது, குத்துகிறது, விறைத்துவிட்டது. இதில் காந்தலும் விறைப்பும் அழுத்தம் விழும் இடத்தில் வந்தால் செவிலியர் உடனே போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டிய சொற்கள். பேத்தியின் மொழிபெயர்ப்பில் எல்லாமே 'கொஞ்சம் வலி' என்று முடிந்துவிடும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை, தொலைபேசியிலாவது, வரவழைக்க வேண்டும் என்பதற்கு மரியாதை மட்டும் காரணமல்ல. அழுத்தம் விழும் இடத்தில் வரும் வலி, புண் வரப்போவதன் முன்னறிவிப்பு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேன் நிக்சன், சூசேன் கோல்மன் குழுவினர் உருவாக்கிய பர்பஸ்-டி என்ற மதிப்பீட்டுமுறை அதனால்தான் ஒவ்வோர் இடத்திலும் வலி உண்டா என்று தனியாகக் கேட்கிறது. அது மொத்த மதிப்பெண் போடுவதில்லை. வண்ணக் கட்டங்களை வைத்து நோயாளியை எந்தப் பாதையில் கவனிப்பது என்று முடிவெடுக்கச் சொல்கிறது. இங்கிலாந்தின் தேசியப் புண் பராமரிப்புத் திட்டம் 2023இல் இதைத்தான் பரிந்துரைத்தது. வாட்டர்லோ மெல்ல விடைபெற்று வருகிறது.

உணவுக் கட்டம் இன்னும் வேடிக்கை. பிரேடன் அட்டவணை புரதத்தை அளக்கும்போது அடைப்புக்குறிக்குள் சொல்லும் உதாரணங்கள் இறைச்சியும் பால் பொருட்களும்தான். ஒரு நாளைக்கு நான்கு பங்கு சாப்பிட்டால் நன்று, இரண்டோ அதற்குக் கீழோ என்றால் மோசம். பருப்பு, கடலை, பயறு எதுவும் அங்கே இல்லை. மதியம் வார்டில் வந்த மசித்த உருளைக்கிழங்கை அம்மம்மா தொடவில்லை. 'உணவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு' என்று குறிப்பு ஏறுகிறது. மாலை ஆறு மணிக்கு மகள் கொண்டுவந்த இடியப்பமும் சொதியும் பருப்பும் எந்தக் குறிப்பிலும் ஏறுவதில்லை. இங்கே பிழை ஆபத்தைக் கூட்டிக் காட்டும் பக்கம் சாய்கிறது. அதனால் பெரிய கேடில்லை, நல்ல மெத்தை கிடைத்துவிட்டுப் போகட்டும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வீட்டிலிருந்து தினமும் பாத்திரம் வருகிறது என்பதைப் பார்த்து 'குடும்பம் கவனித்துக்கொள்கிறது' என்று நல்ல மதிப்பெண் போட்டுவிடுவார்கள். பாத்திரத்தில் இருந்தது வெறும் கஞ்சியாக இருக்கும்.

இனி கண்ணுக்கு மாற்றாக என்ன செய்வது? 1995இல் அமெரிக்க ஆலோசனைக் குழுவின் பணிக்குழு ஒன்று இதை ஆராய்ந்து, 'கருந்தோல்' என்பதற்கே நடைமுறை சார்ந்த ஒரு விளக்கம் கொடுத்தது: எந்த இனத்தவரானாலும் சரி, அழுத்தினால் வெளுப்பு தெரியாத தோல் கருந்தோல். எனக்குப் பிடித்த விளக்கம் இது. இனத்தைக் கேட்காமல் தோலைக் கேட்கிறது. 1998இல் முதல் நிலையின் இலக்கணமும் விரிந்தது. நிறத்தோடு வெப்பம், கெட்டித்தன்மை, வலியோ அரிப்போ ஆகியவையும் சேர்ந்தன. ஆனால் இலக்கணம் மாறிய வேகத்தில் பாடப்புத்தகப் படங்கள் மாறவில்லை. கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு கையேடு வேண்டும் என்று லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே 2020இல் தானே களமிறங்க வேண்டியிருந்தது.

செய்முறை எளிது. குழல் விளக்கு தோலுக்கு நீலச்சாயல் ஏற்றிவிடும். திரையை விலக்கிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. வறண்ட கருந்தோல் சாம்பல் பூத்ததுபோல் இருந்து மாற்றத்தை மறைக்கும். துடைத்து லேசாக ஈரமாக்கிப் பார்க்க வேண்டும். தேடுவது சிவப்பை அல்ல. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதாவாகவோ, நீலம் பாய்ந்தோ, மினுமினுப்பாக இழுத்துக் கட்டியதுபோலவோ உள்ள இடத்தை. பிறகு கை. புறங்கையால் தொட்டால் அழற்சி தொடங்கிய இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும். திசு சாகத் தொடங்கினால் குளிர்ந்துவிடும். விரலால் அழுத்தினால் கெட்டிப்பட்டோ, ஊறிய பஞ்சுபோலச் சதசதவென்றோ இருக்கும். வலது குதிகாலை இடது குதிகாலோடு ஒப்பிடலாம். முதுகெலும்பின் அடிக்குச் சோடி கிடையாது. ஒரு சாண் தள்ளியுள்ள தோலோடுதான் ஒப்பிட வேண்டும்.

பழைய கருமைக்கு ஏமாறவும் கூடாது. வாழ்நாளெல்லாம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர்களின் கணுக்கால் புடைப்பில் காய்ப்பேறிய கரும்திட்டு இருக்கும். ஆறிய புண்ணின் தழும்பு கருந்தோலில் ஆண்டுக்கணக்கில் கறுத்தே கிடக்கும். எது எப்போது வந்தது என்று வீட்டில் குளிப்பாட்டிவிடும் மகளுக்கோ மருமகளுக்கோ தெரியும். அவர்களிடம் ஒரு நிமிடம் கேட்டாலே போதும், ஆனால் அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

வந்து சேர்ந்த முதல் நாளில் இதைச் செய்வதற்குப் பணம் சார்ந்த காரணமும் இருக்கிறது. 2008 அக்டோபர் முதல் அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவமனையில் இருக்கும்போது உண்டான மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்காகக் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. 'வரும்போதே இருந்தது' என்று நிறுவ வேண்டிய பொறுப்பு மருத்துவமனையின் தலையில் விழுந்தது. கருந்தோலில் வரும்போதே இருந்த சேதத்தை முதல் நாள் தவறவிட்டு, ஐந்தாம் நாள் தோல் கிழிந்த பிறகு பார்த்தால் நட்டம் மருத்துவமனைக்குத்தான்.

தோலுக்கடியில் தேங்கும் ஈரத்தை மின்முறையில் அளக்கும் கைக்கருவி ஒன்றும் வந்திருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பார்பரா பேட்ஸ்-ஜென்சன் கருந்தோல் முதியவர்களிடம் இந்த ஈர அளவு ஆரம்பச் சேதத்தோடு சேர்ந்து ஏறுவதை 2009 வாக்கிலேயே காட்டினார். நிறத்தைப் பார்க்காத கருவி என்பது அதன் பலம். ஆனால் சிகிச்சைகளையும் கருவிகளையும் மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் இதை ஆராய்ந்து, நம்பிக்கை தருகிறது, சான்று போதாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. எச்சரிக்கை தேவைதான். விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவியும் நிறம் பார்க்காது என்றுதான் எல்லோரும் நம்பினோம். 2020இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது, கருவி 'நன்று' என்று காட்டியவர்களில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தோர் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

நம் ஊரில் இந்தக் கதையில் சிறுபான்மை யார் என்ற கேள்வியே தலைகீழாகிவிடும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வார்டு முழுவதும் கருந்தோல்தான். பார்க்கும் செவிலியரின் கையும் அதே நிறம்தான். ஆனாலும் 'சிவந்திருக்கிறதா?' என்று கேட்கும் இறக்குமதி இலக்கணத்தை வைத்தே பாடம் நடத்தினால், சொந்தத் தோலைப் பார்க்கவும் இரவல் கண் வேண்டியிருக்கும்.

கருவி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இரவுப் பணியிலிருந்து பகல் பணிக்குக் கைமாறும் குறிப்பில் 'தோல்: சிவப்பு இல்லை' என்று எழுதும் இடத்தில் இப்படி எழுதலாம்: 'இயல்பு நிறம் அடர்பழுப்பு. வலது குதிகாலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஊதா கலந்த கருமை. நேற்று இல்லை என்று மகள் சொல்கிறார். இடதைவிடச் சூடு, அழுத்தினால் கெட்டி. தொட்டதும் காலை இழுத்துக்கொள்கிறார், காந்துகிறது என்கிறார். முதல் நிலையாகக் கொண்டு, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் தொட்டுப் பார்க்கவும்.'